பத்திரிகைச் சந்தாவும் மாதக் காசும்

நம் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வரும் தமிழ்ப் பத்திரிகை முதலில் கல்லாவில் இருக்கும். பிறகு சிப்பந்திகளிடம் போகும். அப்புறம் அண்டைக் கடைக்காரர் வாங்கிப் போவார். மாலைக்குள் பத்துப் பேர் படித்துவிடுவார்கள். படிப்பவர் பெருகுவது நல்லதே. ஆனால் விலை கொடுத்தவர் ஒருவர்தான். அவரும் சில சமயம் ஏஜண்டிடம் “அடுத்த மாதம் பார்ப்போம்” என்று சொன்னவராயிருப்பார். இப்போது அந்தப் பத்துப் பேரும் கைபேசியில் யாரோ படமெடுத்து அனுப்பியதைப் பார்க்கிறார்கள். கணக்கு மட்டும் மாறவில்லை.

சிங்கப்பூரில் தமிழ்ப் பத்திரிகை நடத்திக் காட்டிய முன்னோடிகளில் நம்மவரும் உண்டு. 1887ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி திங்கட்கிழமை ‘சிங்கை நேசன்’ வெளிவந்தது. அதை நடத்தியவர் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள். அச்சிட்டது தீனோதய அச்சுக்கூடம். வாரந்தோறும் வந்த அவ்விதழ் 1890இல் நின்றது. கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்து 2019இல் நின்றது. நின்றபின் வருந்தினோர் பலர். அவர்களில் எத்தனை பேர் சந்தாதாரர் என்பது வேறு விஷயம்.

வியாபாரிகளாகிய நமக்கு இதன் நடைமுறையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்துக்கும் அச்சுக்கும் நிருபர்களின் சம்பளத்துக்கும் பணம் முன்னால் போகிறது. விற்ற பிரதிக்குப் பணம் பின்னால் வருகிறது. கொள்முதலை ரொக்கத்தில் கட்டி, சரக்கை ஆறு மாதத் தவணையில் விற்கும் கடை எத்தனை நாள் நிற்கும்? ஆண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டுகிறவர் பத்திரிகைக்கு வட்டியில்லாத முதலைக் கொடுக்கிறார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பிரதியின் விலை பெரும்பாலும் செலவை ஈடுகட்டுவதில்லை. மீதியை விளம்பரம் தாங்குகிறது. நாமும் விளம்பரம் கொடுக்கிறோம், மறுப்பதற்கில்லை. (கொடுத்ததற்குக் கைம்மாறாகத் தம் வீட்டுக் கல்யாணப் படம் முன்பக்கத்தில் வரவேண்டும் என்பாரும் நம்மிடையே உண்டு.) ஆனால் அரிசி விலை ஏற்றத்தைப் பற்றியோ, சிப்பந்திகளுக்குச் சம்பளம் தராத முதலாளியைப் பற்றியோ எழுதும்போது, விளம்பரக்காரரின் முகத்தைப் பார்த்து ஆசிரியர் தயங்காதிருக்க வேண்டுமே! பெரிய விளம்பரக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டால் பத்திரிகை ஆடும். ஆயிரம் சந்தாதாரரில் ஒருவர் கோபித்தால் ஆடாது. அந்தச் செய்தி நம்மைப் பற்றியதாக இருந்தாலும் சந்தாவை நிறுத்தாதிருப்பதே கடினமான பகுதி.

1935இல் ஒரு காசு விலையில் வார இதழாகத் தொடங்கிய ‘தமிழ் முரசு’, 1937இல் நாளிதழாயிற்று. 2021 முதல் அது இலாபம் பங்கிடாத எஸ்பிஎச் மீடியா டிரஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்திருக்கிறது. அந்நிறுவனத்துக்கு ஐந்தாண்டு வரை ஆண்டுக்கு 18 கோடி வெள்ளி வரை உதவுவதாகச் சிங்கப்பூர் அரசாங்கம் 2022இல் அறிவித்தது. அரசாங்கம் தருகிறதே, நாம் எதற்கு என்று கேட்பது சரியன்று. உதவி எவ்வளவு வந்தாலும், படிக்க ஆளிருக்கிறது என்பதைச் சந்தாப் பட்டியலே காட்டும்.

பத்திரிகைக்குச் சொன்னது பொதுக்காரியத்துக்கும் பொருந்தும். கட்டடத்துக்குப் பெருந்தொகை எழுத நம்மில் ஆளுண்டு. கல்வெட்டில் பெயர் வரும். அடுத்த மாதத்து மின்கட்டணத்துக்கு ஆளில்லை. 1975இல் சிங்கப்பூரில் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது முஸ்லிம் தொழிலாளர் ஒருவரிடம் கேட்டது மாதம் 50 காசு. மத்திய சேமநிதி செலுத்தும் வழியாகவே அது சம்பளத்திலிருந்து போயிற்று; உண்டியலோ, வீடு வீடாக வசூலோ வேண்டியிருக்கவில்லை. இரண்டாண்டுக்குள், 1977இல், தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் எழுந்தது. அதற்கு முன்னே, 1946இல், கடையநல்லூர் முஸ்லிம் லீக் சகோதரர்கள் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடந்தது. பள்ளிக்கூடம் என்றால் ஆசிரியருக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். திறப்பு விழா வசூல் அதற்குப் போதாது.

சந்தாவை ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்போர் உண்டு. ஜகாத்துக்கு உரியவர் எட்டு வகையினர். சந்தாவோ நாம் படிப்பதற்குக் கொடுக்கும் விலை. அதில் இதைச் சேர்க்க வழியில்லை. பேரேட்டில் ‘தர்மம்’ என்ற தலைப்பிலும் இதை எழுத வேண்டாம். விளக்குக்கும் தண்ணீருக்கும் எழுதும் வரிக்குக் கீழே எழுதுவோம்.

கல்லாவுக்கு ஒரு பிரதி போட்டவர்கள், சிப்பந்திகள் தங்கும் மேல்மாடிக்கும் ஒன்று போடலாம். ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு வேலை அனுமதிச் சட்டம் மாறினாலும் சம்பள விதி மாறினாலும், அதைத் தம் மொழியில் படித்துத் தெரிந்துகொள்ள அந்தப் பிரதி உதவும்.