வயதைப் பார்க்காதீர்கள்... பருவத்தைப் பாருங்கள்!

தவளக்குப்பத்தில் என் வைத்தியசாலைக்கு ஒருநாள் மாலை ஒரு தாய் தன் எட்டு வயது மகனோடு வந்தார். பையன் நாற்காலியில் உட்காரவில்லை. அலமாரியில் இருந்த மருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி சுற்றி வந்தான்.

"ஐயா, ரெண்டு ஸ்கூல் மாத்திட்டோம். 'எங்களால பார்த்துக்க முடியாதும்மா, வீட்லயே வச்சுச் சொல்லிக் குடுங்க'ன்னு அனுப்பிட்டாங்க. நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். எனக்கு என்ன சொல்லிக் குடுக்கத் தெரியும்? மூளைக்கு நல்லதா ஒரு லேகியம் குடுங்கய்யா..."

"லேகியம் இருக்கட்டும்மா. பையனுக்கு ஃபிட்ஸ் வருமா?" என்றேன்.

"வரும். டவுன்ல மாத்திரை குடுத்திருந்தாங்க. உங்க மருந்து ஆரம்பிக்கலாம்னு நாலு நாளா நிறுத்திட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! தாய்மார்களே, இதை முதலில் மனதில் வையுங்கள். ஃபிட்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால், வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வல்லாரையும் நீர்ப்பிரமியும் நல்ல மூலிகைகள்தான். ஆனால் ஆட்டிசத்தையோ, டவுன் சிண்ட்ரோமையோ, பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பையோ அடியோடு போக்கும் மருந்து எங்கள் சித்த வைத்தியத்திலும் இல்லை, அலோபதியிலும் இல்லை. 'குணமாக்குகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

அந்தத் தாயை அன்றே பழைய டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். மாத்திரை மறுபடி ஆரம்பித்து, அடுத்த வாரம் வந்தார். அப்போதுதான் பாடத்தைப் பற்றிப் பேசினோம். அவரிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

பாலவாகடம் காட்டும் படிக்கட்டு

சித்த மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் படிக்கும்போது, பிள்ளைத்தமிழில் வரும் பருவங்களையும் சேர்த்துப் படிப்போம். 5-ஆம் மாதத்தில் கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. 9-ஆம் மாதத்தில் உட்கார்ந்து கை கொட்டுவது சப்பாணி. ஓராண்டு வாக்கில் தளர்நடை போட்டு வருவது வாரானை. ஒரு படி ஏறிய பிறகுதான் அடுத்த படி.

சில பிள்ளைகள் ஒரு படியில் ரொம்ப நாள் நிற்கும். எட்டு வயதுப் பிள்ளை பேச்சில் இரண்டு வயதுப் படியில் இருக்கலாம். அதே பிள்ளை கைவேலையில் ஐந்து வயதுப் படியில் இருக்கலாம். நாம் செய்யும் தவறு என்ன தெரியுமா? 'எட்டு வயசாச்சே' என்று மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டுவதுதான்! பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ, பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்னையில் 1989-ல் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையம் இதே வழியில்தான் போகிறது. அவர்களுடைய 'உபநயன்' பயிற்சியில், பிறந்தது முதல் இரண்டு வயது வரையிலான வளர்ச்சியை 250 திறன்களாகப் பிரித்திருக்கிறார்கள். உடல் அசைவு, தன் வேலையைத் தானே செய்வது, பேச்சு, அறிவு, பழகும் விதம் என்று ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 50. குழந்தையோடு தாயும் வந்து கற்றுக்கொண்டு, அதை வீட்டில் தொடர வேண்டும். அமெரிக்காவில் 1969-ல் போர்டேஜ் என்ற ஊரில் தொடங்கிய திட்டமும் இப்படித்தான். வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கு வந்து வழிகாட்டுவார். மற்ற நாட்களில் பெற்றோரே ஆசிரியர்!

தொடங்கும் முன்...

காது, கண் இரண்டையும் பரிசோதித்து விடுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையை 'மந்தம்' என்று ஒதுக்கி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தைராய்டு குறைவும் வளர்ச்சியைத் தடுக்கும். அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

அடுக்களையே வகுப்பறை

1. கடைசிப் படியை முதலில் கற்றுக் கொடுங்கள். டிரவுசர் போடும்போது காலை நுழைத்து, முழங்கால் வரை ஏற்றுவதை நீங்களே செய்யுங்கள். இடுப்புக்கு இழுக்கும் கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். 'நானே போட்டேன்' என்ற சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கும். அது பழகியதும் அதற்கு முந்தைய படியை விடுங்கள்.

2. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு நாளில் மூன்று, நான்கு தடவை, தினமும் அதே இடம், அதே நேரம். குளியல், சாப்பாடு, பாடம், விளையாட்டு என்று படம் வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்தால் பல பிள்ளைகளின் அடமே குறைந்துவிடும்.

3. கணக்கைத் தட்டில் தொடங்குங்கள். 'வீட்ல நாலு பேர், நாலு தட்டு எடுத்து வை' என்பதும் கணக்குத்தான். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் தனித்தனிக் கூடையில் போடச் சொல்லுங்கள். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் பிள்ளையிடம் பயறு, மணி போன்ற சின்னப் பொருள் வேண்டாம்.

4. கேட்பதற்கு முன் கொடுக்காதீர்கள். தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'தண்ணி' என்று சொல்லிவிட்டுப் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். சத்தமோ, கையசைவோ, ஒரு பார்வையோ வந்தாலும் உடனே கொடுங்கள். அதுவும் பேச்சுதான்.

5. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு, 'உதவியோடு செய்தான்', 'தானே செய்தான்' என்று எழுதி வாருங்கள். 'ஒண்ணுமே முன்னேறலையே' என்று மனம் சோரும் நாளில் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள்!

சட்டம் உங்கள் பக்கம்

வீட்டுப் பாடம் என்பது பிள்ளையை வீட்டுக்குள் பூட்டுவது அல்ல. 2012-ல் திருத்தப்பட்ட கல்வி உரிமைச் சட்டப்படி, கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறத் தேர்ந்தெடுக்கலாம். கவனியுங்கள், அதைக் கேட்கும் உரிமை உங்களுடையது. பள்ளிக்கூடம் கைகழுவ அது சாக்கு அல்ல! 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை, அக்கம்பக்கப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ விருப்பப்படி இலவசக் கல்வி பெற வழி செய்கிறது. எனவே மாற்றுத்திறனாளி சான்றிதழை முதலில் வாங்கி விடுங்கள்.

பரீட்சை எழுதக்கூடிய பிள்ளைகளுக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான படிப்பு உண்டு. 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். கூடுதல் நேரமும், எழுதித் தர ஆளும் கேட்டுப் பெறலாம். பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி என்று வழிகாட்டக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்காக 2005-ல் ஏற்படுத்தப்பட்ட மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

எல்லாப் பாரத்தையும் தாய் தலையில் வைக்காதீர்கள். தட்டு எண்ணும் பாடத்தைத் தாத்தா நடத்தலாம். கடைக்குக் கூட்டிப் போய்க் காசு கொடுக்கப் பழக்குவது அப்பாவின் பாடம். அக்கா, அண்ணன் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளட்டும், காவல்காரர்களாக்கி விடாதீர்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதற்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். தாய்க்கும் தினம் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும். அவர் படுத்துவிட்டால் பள்ளிக்கூடமே மூடிவிடும்!

நான்கு மாதம் கழித்து அந்தத் தாய் மறுபடி வந்தார். கையில் அந்த நோட்டு.

"எழுத்து இன்னும் ஒண்ணும் வரலைங்கய்யா. ஆனா டிரவுசர் அவனே போட்டுக்கறான். நேத்து ராத்திரி நான் சொல்லாமலே நாலு தட்டு எடுத்து வச்சான்."

பையன் இன்னும் என் பாட்டில்களைத்தான் தொட்டுக்கொண்டிருந்தான். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். "ஒண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொன்றையும் கொண்டு வந்து வைத்தான்.

"அம்மா, நோட்டுல தேதி போட்டு இதையும் எழுதிக்கோங்க" என்றேன்.