பழைய சாகாவின் கேம்ஷாப்ட்: அக்கா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சி, ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்து 1985-இல் வெளிவரத் தொடங்கிய புரோட்டோன் சாகாவில் ஒன்று இன்னும் உன் வீட்டில் ஓடுகிறதா? வேறெதில் சிக்கனம் பார்த்தாலும் எஞ்சின் எண்ணெயில் பார்க்காதே. சாகாவின் மிட்சுபிஷி எஞ்சினில் கேம்ஷாப்ட் உச்சியில், சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. அடியிலிருந்து பம்ப் ஏற்றும் எண்ணெய் அங்கே போய்ச் சேர்வது கடைசியாகத்தான். எண்ணெய் குறைந்தாலும், கசடு வழியை அடைத்தாலும் முதலில் காய்வது அதுதான்.

வாரம் ஒருமுறை, காலையில் எஞ்சினை முடுக்கும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார். சிவப்பு விளக்கை நம்பி இருக்காதே. அழுத்தம் அடியோடு விழுந்த பிறகுதான் அது எரியும். டிப்ஸ்டிக்கை மோந்தும் பார். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரில் சோக் சிக்கிக்கொண்டிருக்கலாம். பெட்ரோல் கலந்த எண்ணெய் நீர்த்துப்போகும். கேமும் அது தள்ளும் ராக்கரும் இரும்போடு இரும்பாக உரசும். போர்மேன் அண்ணனிடம் சோக்கை முதலில் பார்க்கச் சொல்லி, அப்புறம் எண்ணெயை மாற்று.

ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் மினரல் எண்ணெய்க்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. ஃபில்டரையும் கூடவே மாற்று. கடைக்காரர் விலை உயர்ந்த 0டபிள்யூ-20 தந்தால் வாங்காதே. அது புது எஞ்சினுக்கானது. 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்திலிருந்து மெல்லிய எண்ணெய்களில், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். நம் வெயிலுக்கும் இந்தப் பழைய எஞ்சினுக்கும் 15டபிள்யூ-40 போதும்.

தீபாவளிக்குக் காரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து காரை முடுக்கும்போது ஆக்சிலேட்டரை மிதிக்காதே. எண்ணெய் கேம்ஷாப்ட் வரை ஏறட்டும்; கொஞ்ச நேரம் பொறுத்து, மெதுவாக ஓட்டு.

மேலே டிக் டிக் சத்தம் கேட்டால் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொல். ராக்கர் கவரைத் திறக்கும்போது நீயும் பக்கத்தில் நில். கேமின் முனை வழவழப்பாக மின்னினால் நல்லது. குழியோ கீறலோ தெரிந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது. கேமை மாற்றினால் ராக்கர்களையும் சேர்த்தே மாற்றச் சொல், ஏனென்றால் தேய்ந்த ராக்கர் புதுக் கேமையும் அரித்துவிடும். பழைய கார்களைப் பிரித்து விற்கும் கெடாய் போத்தோங்கில் வாங்குவதானாலும் ஒரே எஞ்சினிலிருந்து கழற்றிய ஜோடியாகவே கேள்.