ஒலி கேட்கிறது, படம் இல்லை!

மாணவர்களே, தொலைக்காட்சியில் இரவுச் செய்தி ஓடுகிறது. செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. திரை மட்டும் கறுத்துக் கிடக்கிறது. "போச்சு, புதுசு வாங்க வேண்டியதுதான்" என்கிறார் அப்பா. சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு டார்ச் விளக்கு இருந்தால், பழுது எங்கே என்பதை நீங்களே கணித்துவிடலாம்.

டார்ச் சோதனை

தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கட்டும். அறை விளக்குகளை அணையுங்கள். டார்ச் விளக்கைத் திரைக்கு மிக அருகில், சற்றுச் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். ஒளி படும் இடத்தில் உருவங்கள் மங்கலாக அசைகின்றனவா? அப்படியானால் படம் உருவாகிறது. அதைக் காட்டும் ஒளிதான் இல்லை. பின்னொளிப் பகுதியில்தான் பழுது. எதுவுமே தெரியாவிட்டால், கோளாறு வேறு பலகையில் இருக்கலாம்.

ஏன் பின்னொளி?

எல்சிடி திரையில் உள்ள திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. ஒளியைக் கடத்துவதையும் தடுப்பதையும் கட்டுப்படுத்துவதே அதன் வேலை. எனவே, திரைக்குப் பின்னால் எல்இடி விளக்குகளை வரிசையாகப் பொருத்துகிறார்கள். கடைகளில் 'எல்இடி டிவி' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை எல்சிடி திரைகளே. எல்இடி என்பது பின்னொளியைக் குறிக்கிறது.

ஒன்று கெட்டால் எல்லாம் இருளும்

தொடக்கப்பள்ளியில் படித்த தொடர் மின்சுற்றை நினைவுகூருங்கள். ஒரு வெள்ளை எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. 20 எல்இடிகளைத் தொடராக இணைத்தால், 3 × 20 = 60 வோல்ட் வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்னோட்டம் பாய்வதால், அவை சீராக ஒளிரும். ஆனால், ஒரே ஓர் எல்இடி அறுந்தாலும் சுற்று துண்டிக்கப்பட்டு, அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். பல தொலைக்காட்சிகளில் கட்டுப்பாட்டுச் சுற்று இதை உணர்ந்து, பின்னொளி முழுவதையும் நிறுத்திவிடும். படம் ஓரிரு நொடி தோன்றி மறைவது இதன் அடையாளமாக இருக்கலாம்.

எல்இடியின் பெரிய எதிரி வெப்பம். பின்னொளியை எப்போதும் உச்ச அளவில் வைத்தால், மின்னோட்டமும் வெப்பமும் கூடி ஆயுள் குறையும். அமைப்புப் பட்டியலில் பின்னொளியின் அளவைச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

எச்சரிக்கை!

பின்மூடியைத் திறக்காதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதன் உச்ச அளவு 230 × 1.41, அதாவது ஏறத்தாழ 325 வோல்ட். உள்ளே இருக்கும் மின்தேக்கி அந்த அளவுக்கு மின்னேற்றம் பெறும். மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் மின்னூட்டத்தை வைத்திருக்கும், உயிருக்கே ஆபத்து.

பழுதுபார்ப்பவரிடம், "ஒலி உண்டு, டார்ச் அடித்தால் படம் தெரிகிறது" என்று சொல்லுங்கள். எல்இடி பட்டைகளை மாற்ற ஆகும் செலவையும் கேளுங்கள். புதியது வாங்குவதா, பழையதைக் காப்பாற்றுவதா என்று அப்பா பிறகு முடிவு செய்யட்டும்.

சிந்தித்துப் பாருங்கள்: திரையின் ஒரு பாதி மட்டும் இருண்டு, மறுபாதி ஒளிர்ந்தால், அந்த எல்இடி வரிசைகள் ஒன்றோடொன்று எப்படி இணைக்கப்பட்டிருக்கும்?