பத்தடி உயரத்தில் ஒரு வளையம்

தில்லியில் சரோஜினி நகர் சந்தை பெயர் பெற்றது. திங்கட்கிழமை அங்கே விடுமுறை. மற்ற நாட்களில் கூட்டம் நெரியும். வெளிநாட்டுக்கு அனுப்பத் தைத்து மிஞ்சிய துணிகள் இங்கே மலிவாக விற்கும். கடை வாசலில் துணி மலைபோல் குவிந்து கிடக்கும். பொறுமையாகத் தேடினால் நல்ல துணி கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தால் இன்னும் மலிவாகக் கிடைக்கும்.

அந்தக் குவியலில் கையில்லாத தொளதொள பனியன்கள் சில இருக்கும். முன்னாலும் பின்னாலும் பெரிய எண் போட்டிருக்கும். அடிக்கடி கண்ணில் படும் எண் 23. பையன்கள் அதை விரும்பி வாங்குவார்கள். "இது என்ன நம்பர்?" என்று அம்மா கேட்பார். "உனக்குத் தெரியாதும்மா" என்று பையன் சொல்லிவிடுவான்.

தெரிந்துகொள்ள முடியாத விஷயம் அல்ல அது. அது கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் உடை. மைக்கேல் ஜோர்டன் என்பவர் அமெரிக்காவில் 23 என்ற எண்ணைப் போட்டு ஆடினார். உலகம் முழுவதும் அவருக்குப் பெயர். அவரைப் பார்த்து வளர்ந்த ஒரு பள்ளி மாணவனும் அதே எண்ணைப் போட்டுக்கொண்டான். அவன் பெயர் லெப்ரான் ஜேம்ஸ். அவனைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்.

கூடைப்பந்து குளிர்காலத்தில் பிறந்த ஆட்டம். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். வெளியே கடும் குளிர். மாணவர்கள் மைதானத்துக்குப் போக முடியவில்லை. கூரைக்குக் கீழே ஆட ஓர் ஆட்டம் வேண்டும். ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் யோசித்தார். பழம் வைக்கும் இரண்டு கூடைகளை உயரத்தில் மாட்டினார். "இதில் பந்தைப் போடுங்கள்" என்றார். அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுக்க வேண்டியிருந்தது. கூடையின் அடியை வெட்டிவிடலாம் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது!

இன்று கூடை இல்லை. இரும்பு வளையமும் வலையும் இருக்கின்றன. வளையத்தின் உயரம் தரையிலிருந்து 10 அடி. அன்றும் இன்றும் அதே உயரம்தான். ஓர் அணியில் 5 பேர் ஆடுவார்கள். பந்து வளையத்துக்குள் விழுந்தால் 2 புள்ளி. தரையில் ஒரு பெரிய வளைகோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் 3 புள்ளி. எதிரணிக்காரர் தவறாக இடித்தாலோ பிடித்தாலோ சில சமயம் சும்மா நின்று எறிய வாய்ப்பு கிடைக்கும். அதற்குத் தனி எறி என்று பெயர். அது விழுந்தால் 1 புள்ளி. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எகிறிப் பிடிப்பதற்கு ரீபவுண்டு என்று பெயர். இதற்குப் புள்ளி கிடையாது. ஆனால் பந்து கையில் இருந்தால்தானே கூடை போட முடியும்? அதனால் இதையும் எண்ணி எழுதுவார்கள்.

இவ்வளவு தெரிந்தால் போதும். ஸ்கோர் தாளைப் படித்துவிடலாம்.

பள்ளி விடுமுறையில் போட்டிகள் நடக்கும். நம் ஊரில் கோடையில் நடக்கும். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டிப் பள்ளி அணிகளுக்குப் பெரிய போட்டிகள் நடக்கும். பல ஊர் அணிகள் ஓரிடத்தில் கூடும். மூன்று நான்கு நாட்களில் பல ஆட்டங்கள் நடந்துவிடும். அப்போது பார்வையாளர் வரிசையில் சிலர் கை தட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். கையில் நோட்டுப் புத்தகம் இருக்கும். அவர்கள் கல்லூரிப் பயிற்சியாளர்கள். எந்தப் பையனை, எந்தப் பெண்ணைத் தங்கள் கல்லூரிக்கு எடுக்கலாம் என்று பார்க்க வந்தவர்கள். எடுத்தால் படிப்புச் செலவைக் கல்லூரியே ஏற்கலாம். அதனால் ஒரு மாணவனுக்கு அந்த மூன்று நாள் ஆட்டம் வாழ்க்கையையே மாற்றலாம்.

2002ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி. கிளீவ்லாந்து நகரில் ஓர் ஆட்டம். இரண்டும் பள்ளி அணிகள். ஆனாலும் நாடு முழுவதும் டெலிவிஷனில் காட்டினார்கள். காரணம் லெப்ரான் ஜேம்ஸ். அவனுக்கு அப்போது 17 வயது. தாய் தனியாகக் கஷ்டப்பட்டு வளர்த்த பையன். அன்று அவன் அணி 65 புள்ளி எடுத்தது. எதிரணி 45. அந்த 65இல் லெப்ரான் மட்டும் போட்டது 31. கிட்டத்தட்டப் பாதி! மற்ற எல்லோரும் சேர்ந்து போட்டது 34. ஒரு கணக்கிலேயே ஓர் ஆளின் திறமை தெரிந்துவிடுகிறது. மறு ஆண்டு ஜூன் மாதம் தொழில்முறை அணிகள் ஆள் தேர்ந்தெடுத்தன. முதல் பெயரே அவனுடையது. அவன் கல்லூரிக்கே போகவில்லை.

இப்படி எல்லோருக்கும் நடக்குமா? நம் நாட்டுப் பையன் ஒருவனின் கதை இருக்கிறது.

பஞ்சாபில் பர்னாலா மாவட்டம். அங்கே பல்லோ கே என்று ஒரு சின்ன ஊர். கோதுமை விளையும் பூமி. பல்பீர் சிங் அங்கே விவசாயி. மாவு மில்லும் வைத்திருந்தார். அவர் ஏழடிக்கு மேல் உயரம். இளம் வயதில் அவரைக் கூடைப்பந்து ஆடச் சொன்னார்கள். வீட்டில் நிலத்து வேலை இருந்தது. அனுப்பவில்லை. அந்தக் குறை அவர் மனதில் தங்கிவிட்டது.

1995ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் சத்னாம் சிங். பையன் மூங்கில்போல் வளர்ந்தான். தனக்குக் கிடைக்காதது மகனுக்குக் கிடைக்கட்டும் என்று தந்தை நினைத்தார். பத்து வயதளவில் அவனை லூதியானா நகரத்துக்கு அனுப்பினார். அங்கே கூடைப்பந்துக்கென்றே ஒரு பயிற்சி அகாடமி இருக்கிறது. தங்கிப் பயிலலாம். சங்கரன் சுப்பிரமணியன் என்ற மூத்த பயிற்சியாளர் அங்கே இருந்தார். பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது, எப்படித் திரும்புவது என்று சத்னாம் கற்றுக்கொண்டான். அவன் காலுக்கு ஏற்ற ஷூ கிடைப்பதே கஷ்டமாக இருந்தது.

2010ஆம் ஆண்டு ஒரு வாய்ப்பு வந்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஐ.எம்.ஜி. அகாடமி என்ற பள்ளி இருக்கிறது. விளையாட்டும் படிப்பும் சேர்ந்த பள்ளி. இந்தியாவிலிருந்து கூடைப்பந்துக்கு 8 பேரை உதவித்தொகை கொடுத்து அங்கே அழைத்தார்கள். 4 பையன்கள், 4 பெண்கள். சத்னாமும் ஒருவன். வயது 14. உயரம் அப்போதே ஏழடி.

அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்று புரியாது. எழுத்துத் தெரியாமல் பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். எல்லோரும் போகிறார்கள், வருகிறார்கள், நாம் மட்டும் நிற்கிறோம். ஆட்டக்களத்தில் மட்டும் அந்தத் தவிப்பு இல்லை. பந்துக்கு மொழி கிடையாது. 15 வயதிலேயே ஆசியப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினான். பள்ளிப் படிப்பு முடிந்த பிறகும் ஓர் ஆண்டு அங்கேயே தங்கி ஆடினான். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 9 புள்ளி, 8 ரீபவுண்டு என்று கணக்கு வந்தது. லெப்ரானின் கணக்கோடு இதை ஒப்பிட வேண்டாம். இது வேறு. ஆட்டத்தில் பாதி நேரம்தான் அவன் களத்தில் இருப்பான்.

அடுத்த படி கல்லூரி. கல்லூரிகள் அவனைக் கவனித்தன. ஆனால் அமெரிக்கக் கல்லூரி அணியில் சேர ஆட்டம் மட்டும் போதாது. பள்ளி மதிப்பெண் வேண்டும். அப்போது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டியிருந்தது. சத்னாமுக்கு அது கிடைக்குமா என்பது சந்தேகமாக இருந்தது. பத்தடி வளையத்தை எட்டித் தொடும் கை, ஒரு தேர்வுத் தாளில் வந்து நின்றது.

எனவே நேராகத் தொழில்முறைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தான். அந்தத் தேர்வில் 30 அணிகள் கலந்துகொள்ளும். இரண்டு சுற்று. மொத்தம் 60 பெயர்கள். 2015ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி இரவு 51 பெயர்கள் படித்தாயிற்று. 52ஆவது பெயர், சத்னாம் சிங். எடுத்த அணி டல்லாஸ் மேவரிக்ஸ். இந்தியாவில் பிறந்த ஒருவர் அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. பல்லோ கேயில் இனிப்பு வழங்கினார்கள். முதலில் சொல்லிக்கொடுத்த சுப்பிரமணியன் அதைப் பார்க்க இல்லை. அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

பத்திரிகைகள் இந்த இடத்தோடு கதையை முடித்துக்கொண்டன. வாழ்க்கை முடித்துக்கொள்ளவில்லை.

பட்டியலில் பெயர் வருவது வேறு, களத்தில் இறங்குவது வேறு. டல்லாஸ் அணிக்காக அவர் முக்கியப் போட்டி ஒன்றில்கூட ஆடவில்லை. அவரைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள். அங்கும் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். 2017இல் அதுவும் முடிந்தது. பிறகு கனடாவில் கொஞ்ச காலம் ஆடினார். இந்திய அணிக்கும் ஆடினார். 2019 நவம்பரில் ஊக்க மருந்துச் சோதனை நடந்தது. தடை செய்யப்பட்ட ஒரு பொருள் அவர் உடலில் இருந்ததாக முடிவு வந்தது. 2020 டிசம்பரில் 2 ஆண்டு தடை விதித்தார்கள். 2021இல் அவர் அமெரிக்காவில் ஒரு மல்யுத்தக் காட்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போது வயது 25.

அவர் தோற்றார் என்று சொல்வதா? விவசாயி மகன் ஏழு கடல் தாண்டிப் போனான். பெயர் வாங்கினான். சம்பாதித்தான். ஆனால் அந்த உயரத்தைப் பார்த்த எல்லோரும் படிப்பைப் பார்த்தார்களா என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

சரோஜினி நகரிலிருந்து கிழக்கே யமுனையைத் தாண்டிப் போனால் கிரேட்டர் நொய்டா. 2017 மே மாதம் அங்கே இந்தியப் பிள்ளைகளுக்கென அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமே ஓர் அகாடமி தொடங்கியது. நாடு முழுவதும் தேடிப் பிள்ளைகளை எடுத்தார்கள். குர்தாஸ்பூர் மாவட்டத்துப் பிரின்ஸ்பால் சிங் அதில் ஒருவர். அங்கிருந்து ஆஸ்திரேலியா, பிறகு அமெரிக்கா போனார். 2021 ஆகஸ்டில் கோடைப் போட்டியில் கோப்பை வென்ற சாக்ரமென்டோ அணியில் அவரும் இருந்தார்.

இனி, ஒருநாள் உங்கள் வீட்டுக்கும் யாராவது வரலாம். "உங்கள் பெண் நல்ல உயரம். விடுமுறைப் போட்டியில் நன்றாக ஆடினாள். எங்கள் விடுதிக்கு அனுப்புங்கள்" என்று சொல்லலாம். சந்தோஷப்படுங்கள். கூடவே சில கேள்விகளைக் கேளுங்கள். விடுதியில் யார் பொறுப்பு? பெண் பிள்ளைகளுக்குப் பெண் காப்பாளர் உண்டா? எந்தப் பள்ளியில் சேர்ப்பீர்கள்? ஆட்டத்துக்காக வகுப்பு தவறினால் பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பார்? கால் முறிந்தால் வைத்தியச் செலவு யாருடையது? ஆட முடியாமல் போனால் படிப்பு தொடருமா? பதிலை வாயால் வாங்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும்.

தமிழ்நாட்டில் அரசே விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. தேர்வு வைத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அப்படித் தெற்கு ரயில்வேயில் வேலை பெற்றவர். இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கினார். குழந்தை பெற்ற பிறகும் ஆட்டத்தை விடவில்லை. 2017இல் மறுபடி இந்திய அணியில் ஆடினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெண் பிள்ளைக்கு அரைக்கால் சட்டை எதற்கு என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் இவர் பெயரைச் சொல்லலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு மாணவி விடுமுறைப் போட்டியில் ஆடினாள். முதல் நாள் 2 புள்ளிக் கூடை 6 போட்டாள். 3 புள்ளிக் கூடை 2 போட்டாள். தனி எறிக்கு 5 வாய்ப்பு கிடைத்தது. அதில் 3 விழுந்தது. அவள் எடுத்த புள்ளி மொத்தம் எத்தனை?

அன்று அவள் அணி எடுத்தது 42 புள்ளி. அதில் அவள் பங்கு எவ்வளவு?

மறுநாள் அவள் 10 புள்ளிதான் எடுத்தாள். ஆனால் 14 ரீபவுண்டு பிடித்தாள். அணி வென்றது. நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்றால் எந்த நாள் ஆட்டத்துக்கு அதிக மதிப்பெண் போடுவீர்கள்? ஏன்? பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்.