கப்பல் பயணத்தில் மொபைல் போன்: பில் எகிறாமல் பேசுவது எப்படி?

வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் விமான டிக்கெட், விசா, தங்கும் செலவு என எல்லாவற்றிற்கும் கணக்குப் போடுகிறோம். பையில் இருக்கும் மொபைல் போன் எவ்வளவு செலவு வைக்கும் என்று மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை. அதிலும் கப்பலில் போனால், ஒரே நாளில் இரண்டு மூன்று நெட்வொர்க்குகளுக்கு நம் போன் தானாகவே மாறிக்கொள்ளும். எப்போது மாறியது என்பது நமக்குத் தெரியாது. பில் வந்த பிறகுதான் தெரியும்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மலேசியாவில் உள்ள பினாங்கு, தாய்லாந்தில் உள்ள புக்கெட் ஆகிய இடங்களைப் பார்த்துவிட்டு, மீண்டும் சிங்கப்பூரில் இறங்கும் பயணத்தை நானும் குடும்பத்துடன் சென்று வந்தேன். அதற்காகப் போனிலும் லேப்டாப்பிலும் நான் செய்து வைத்த ஏற்பாடுகளை இங்கே வரிசையாகத் தருகிறேன். வேறு நாடுகளுக்குச் செல்பவர்களுக்கும் இதே முறை உதவும்.

மூன்று வகை நெட்வொர்க்

இந்தப் பயணத்தில் நம் போன் மூன்று வகை நெட்வொர்க்குகளைச் சந்திக்கிறது. முதலாவது நம் ஊர் நெட்வொர்க். இரண்டாவது, கரை இறங்கும் நாட்டின் நெட்வொர்க். நம் சிம் கார்டைக் கொண்டு இதைப் பயன்படுத்துவதைத்தான் ரோமிங் என்கிறோம். மூன்றாவது, கப்பலுக்குள்ளேயே இயங்கும் நெட்வொர்க். இதுதான் ஆபத்தானது.

நடுக்கடலில் டவர் ஏது என்று கேட்கலாம். கப்பலுக்குள் சிறிய டவர்களை ஆங்காங்கே பொருத்தி, அவற்றைச் சாட்டிலைட் மூலம் கரையுடன் இணைத்திருக்கிறார்கள். கரையை விட்டு விலகியதும் இது இயக்கப்படும். போனில் சிக்னல் கோடுகள் வழக்கம்போல் முழுமையாகத் தெரியும். நெட்வொர்க் பெயர் இருக்கும் இடத்தில் "செல்லுலார் அட் ஸீ", "டெலினார் மாரிடைம்" போன்ற பெயர்கள் தோன்றும்.

மொபைல் உலகில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எண் உண்டு. இந்தியாவுக்கு 404, 405. சிங்கப்பூருக்கு 525. மலேசியாவுக்கு 502. தாய்லாந்துக்கு 520. கப்பல், விமான நெட்வொர்க்குகள் எந்த நாட்டையும் சேராத 901 என்ற எண்ணின் கீழ் வருகின்றன. எனவே "சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் சேர்த்து" என்று சொல்லி விற்கப்படும் ரோமிங் பேக் கப்பலுக்குப் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. ஐரோப்பிய யூனியன் 2017 ஜூன் 15 முதல் தன் உறுப்பு நாடுகளுக்கிடையே கூடுதல் ரோமிங் கட்டணத்தை நீக்கியது. அந்தச் சலுகையும் கரையில் உள்ள டவர்களுக்குத்தான். கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்குக்கு இல்லை.

எவ்வளவு நஷ்டம் வரும்? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பேக் பொருந்தாத இடத்தில் 1 எம்.பி.க்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு நாம் தூங்கும்போது, போட்டோ பேக்கப்பும் அப்ளிகேஷன் அப்டேட்டும் சேர்ந்து 250 எம்.பி. எடுத்துக்கொண்டால் கணக்கு 1,00,000 ரூபாய். நாம் போனைத் தொடக்கூட இல்லை! பிரீபெய்ட் என்றால் இருப்புத் தொகை தீர்ந்ததும் நின்றுவிடும். போஸ்ட்பெய்ட் என்றால் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் மொபைல் நிறுவனத்திடம் இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. இந்த பேக் எந்தெந்த நாடுகளில் செல்லும்? கப்பல் நெட்வொர்க் இதில் உண்டா, இல்லையா?

2. பேக்கின் நாள் கணக்கு எப்போது தொடங்கும்? ரீசார்ஜ் செய்தவுடனா, வெளிநாட்டு டவரில் இணைந்தவுடனா?

3. வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டா? நம் ஊரில் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லாததால் பலர் இதைக் கேட்பதே இல்லை. ரோமிங்கில் பேக் இல்லாமல் எடுத்துப் பேசினால் நமக்கும் கட்டணம் விழும்.

4. போஸ்ட்பெய்ட் என்றால், இத்தனை ரூபாய்க்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள் என்று வரம்பு வைக்க முடியுமா?

நான்காவது கேள்விக்கான பதிலை எழுத்தில், அதாவது எஸ்.எம்.எஸ். அல்லது இமெயிலில் பெற்றுக்கொள்வது நல்லது.

எந்த சிம் லாபம்?

மூன்று வழிகள் உண்டு. நம் சிம்மிலேயே ரோமிங் பேக் போடுவது எளிது. நம் எண் மாறாது. ஆனால் நாள் கூடக் கூடச் செலவும் கூடும். அந்த நாட்டு சிம் வாங்கினால் டேட்டா மலிவாகக் கிடைக்கும். சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துதான் பிரீபெய்ட் சிம் வாங்க முடியும். ஆனால் மூன்று நாடுகளில் மூன்று சிம் என்றால் பாதி நேரம் கடை தேடுவதிலேயே போய்விடும்.

மூன்றாவது வழி இ-சிம். இது போனுக்குள்ளேயே பதியப்படும் சிம். கார்டு எதுவும் இல்லை. 2018ல் வந்த ஐபோன் எக்ஸ்.எஸ். முதல் பல போன்களில் இந்த வசதி இருக்கிறது. பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே இ-சிம் கிடைப்பதால், எங்கள் பயணத்திற்கு நான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இதைப் பதிய இன்டர்நெட் இணைப்பு தேவை. எனவே வீட்டில் இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். இதுவும் கரைக்கு மட்டும்தான், நடுக்கடலில் உதவாது.

பழைய பட்டன் போனை எடுத்துச் செல்பவர்கள் கவனிக்க: சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 3ஜி சேவையும் 2024ல் விடை பெற்றது. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியில் மூடப்பட்டது. எனவே 4ஜி வசதியுள்ள போன் அவசியம்.

போனில் செய்ய வேண்டிய செட்டிங்

* இரண்டு சிம் இருந்தால், இந்திய சிம்மைப் பேசவும் எஸ்.எம்.எஸ். பெறவும் வைத்து, அதில் "டேட்டா ரோமிங்" என்பதை ஆஃப் செய்திடவும். இ-சிம்மில் மட்டும் அதனை ஆன் செய்திடவும்.

* ஒரு சிம்மில் டேட்டா கிடைக்காதபோது இன்னொன்றுக்குத் தானாக மாறும் வசதி சில போன்களில் உண்டு. ஐபோனில் இதன் பெயர் "அலோ மொபைல் டேட்டா ஸ்விட்சிங்". இதை ஆஃப் செய்திடவும். இல்லையென்றால் முதலில் செய்த ஏற்பாடு வீண்.

* நெட்வொர்க் தேர்வில் "ஆட்டோமேட்டிக்" என்பதை எடுத்துவிட்டு, பேக்கில் உள்ள நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுக்கவும். சிங்கப்பூர் கரையோரத்தில் நின்றால் எதிரே உள்ள இந்தோனேஷியாவின் பத்தாம் தீவு டவரையோ, மலேசியாவின் ஜொகூர் பாரு டவரையோ போன் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் பேக்கில் இந்தோனேஷியா இல்லை என்றால் தொல்லைதான்.

* வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" சென்று, "வென் ரோமிங்" என்பதில் உள்ள டிக் அடையாளங்கள் அனைத்தையும் எடுத்துவிடவும். குடும்பக் குழுவில் வரும் காலை வணக்க வீடியோக்கள் இனி தானாக இறங்காது.

* கூகுள் மேப்ஸில் "ஆஃப்லைன் மேப்ஸ்" பிரிவில் மூன்று ஊர்களின் வரைபடங்களையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளவும்.

கப்பல் ஏறியதும்

கப்பல் புறப்படும் முன் ஏர்பிளேன் மோடை ஆன் செய்திடவும். அதன் பின் வை-பியை மட்டும் தனியாக ஆன் செய்திடவும். இந்த நிலையில் போன் எந்த டவரையும் தேடாது. கப்பல் வை-பியில் மட்டும் இணையும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே கப்பல் நெட்வொர்க் பில்லில் இருந்து தப்பிவிடலாம். எங்கள் வீட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி நானே மாற்றிக் கொடுத்தேன். துறைமுகத்தில் கப்பல் நின்ற பிறகு மோடை எடுத்துவிட்டு, திரையில் கரை நெட்வொர்க்கின் பெயர்தான் தெரிகிறதா என்று பார்த்த பின்பே டேட்டாவை இயக்க வேண்டும்.

பல கப்பல் நிறுவனங்களின் அப்ளிகேஷன், பணம் கட்டாமலேயே கப்பல் வை-பியில் இயங்கும். சாப்பாட்டு நேரம், நிகழ்ச்சி நேரம் எல்லாம் அதில் பார்க்கலாம். வீட்டுக்குப் பேச வேண்டும் என்றால் வை-பி பேக்கேஜ் வாங்க வேண்டும். முன்பெல்லாம் 35,786 கி.மீ. உயரத்தில் உள்ள சாட்டிலைட்டுகள் வழியாகத்தான் இணைப்பு. இணையப் பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். 2022 முதல் ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள், சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகளுக்கு மாறின. வேகம் இப்போது பரவாயில்லை.

ஒரு சாதனத்துக்கான பேக்கேஜ் வாங்கி, ஒருவர் லாக்-அவுட் செய்த பின் இன்னொருவர் லாக்-இன் செய்து பயன்படுத்தப் பல கப்பல்களில் அனுமதி உண்டு. நாங்கள் நான்கு பேரும் அப்படித்தான் சமாளித்தோம்.

லேப்டாப்பை மறக்க வேண்டாம்

போனை விடப் பெரிய தீனிக்காரன் லேப்டாப்தான். போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தவுடன், வீட்டு இணைப்பு என்று எண்ணிக்கொண்டு விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கிவிடும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்", "வை-பி" சென்று, இணைந்துள்ள நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் "மீட்டர்ட் கனெக்ஷன்" என்பதை ஆன் செய்திடவும். "விண்டோஸ் அப்டேட்" பிரிவில் "பாஸ் அப்டேட்ஸ்" கொடுத்துவிடவும். ஒன்டிரைவ் ஐகானில் கிளிக் செய்து, அதையும் நிறுத்தி வைக்கவும். ஹெச்.டி. படம் பார்த்தால் மணிக்கு 3 ஜி.பி. வரை செலவாகும். படங்களை ஊரிலேயே இறக்கிக்கொண்டு போங்கள்.

ஓ.டி.பி.யும் நேரமும்

ஏர்பிளேன் மோடில் வங்கியின் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். வராது. எனவே பணம் அனுப்பும் வேலைகளைக் கரையில் இருக்கும்போது முடித்துக்கொள்ளுங்கள். இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் சேவை இயக்கப்பட்டிருந்தால்தான் வெளிநாட்டில் எஸ்.எம்.எஸ். வரும். அதையும் முன்பே உறுதி செய்திடுங்கள். சிங்கப்பூரில் 2006ல் தொடங்கிய "வயர்லெஸ் அட் எஸ்.ஜி." என்ற இலவசப் பொது வை-பிக்கும், மொபைல் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும்.

அடுத்தது கடிகாரம். சிங்கப்பூர், மலேசியா நேரத்தைவிட தாய்லாந்து நேரம் 1 மணி பின்னால் உள்ளது. புக்கெட் டவரைப் பிடித்ததும் போன் கடிகாரம் மாறிவிடும். ஆனால் கப்பல், சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். அப்போது போனை நம்பி ஊர் சுற்றினால், திரும்பி வரும்போது கப்பல் கிளம்பியிருக்கும்! கப்பல் நேரத்தைக் காட்டும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கப்பலின் பெயர், அறை எண், பயண ஏஜெண்டின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்துவிடுங்கள். நம் போன் அணைந்திருந்தாலும் அவசரச் செய்தி கப்பல் வரவேற்பறை வழியாக வந்து சேரும். பெற்றவர்களை வீட்டில் விட்டுச் செல்பவர்களுக்கு, சிக்னல் கோடுகளை விட இந்தத் தாள்தான் பெரிய நிம்மதி.