மலையில் விளையும் வாழை

மார்சிலிங் ஈரச்சந்தைக்குச் செல்வோர் பழக்கடைகளில் பலவகை வாழைப்பழங்களைக் காணலாம். வாழை வெப்பமான சமவெளியில்தான் செழிக்கும் என்பது பலரின் எண்ணம். ஆனால், குளிர்ந்த மலைச்சரிவில் விளையும் வாழையும் உண்டு. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த விருப்பாச்சி மலைவாழை அத்தகையது.

கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரே சென்றால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே, வெப்ப நாட்டிலும் மலைகள் குளிர்ச்சியாக இருக்கின்றன. கீழ்ப்பழனி மலைச்சரிவுகளில் உழவர்கள் மழைநீரை நம்பி இவ்வாழையைப் பயிரிடுகிறார்கள். காப்பித் தோட்டங்களில் அது காப்பிச் செடிகளுக்கு நிழலும் தருகிறது.

இப்பழம் அளவில் சிறியது; மணமும் இனிப்பும் மிக்கது. இதில் நீர்ச்சத்து குறைவு. எனவே, பிசைந்தாலும் நீர்த்துப் போகாது. விரைவில் கெடுவதும் இல்லை. பழனி முருகன் கோயிலின் பஞ்சாமிர்தத்திற்கு இப்பழம் ஏற்றதாக விளங்குவது இதனால்தான். இதனுடன் நாட்டுச்சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலக்காய், தேன், நெய் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். ஒரு சொட்டு நீரும் சேர்ப்பதில்லை.

இத்தகைய வாழைக்குப் பேராபத்து ஒன்று நேர்ந்தது. முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோய் மலைத்தோட்டங்களில் பரவியது. நோயுற்ற வாழையின் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிற்கும். அது குலை தள்ளாது. அசுவினி என்னும் சிறு பூச்சி இந்நோயை ஒரு வாழையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்கிறது. நோயுற்ற தாய்வாழையின் பக்கக்கன்றை வேறிடத்தில் நட்டால், நோயும் அங்கே குடியேறும். இதனால் மலைவாழை பயிரிடப்பட்ட பரப்பு பெரிதும் சுருங்கியது.

இந்நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்ற வாழைகளை வேரோடு அகற்றுவதும் நோயற்ற கன்றுகளை நடுவதுமே வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கி உழவர்களுக்கு உதவினர். எனினும், அறிவியல் மட்டும் போதாது. ஒருவர் இரக்கப்பட்டு விட்டுவைக்கும் நோயுற்ற வாழை, அயலாரின் தோட்டத்தையும் அழித்துவிடும். எனவே, எல்லா உழவர்களும் ஒன்றுபட்டுச் செயல்பட வேண்டியுள்ளது.

விருப்பாச்சி மலைவாழை புவிசார் குறியீடு பெற்றுள்ளது. பழனி பஞ்சாமிர்தத்திற்கும் 2019ஆம் ஆண்டில் அக்குறியீடு கிடைத்தது. குறியீடு பழத்தின் பெயரைக் காக்கும். பயிரைக் காப்பது அதை வளர்ப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.