கொம்பு வைத்தால் பேயாகிவிடுமா?

கேள்வி:

நானும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஒரு சாகச வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறோம். நீலி, முனி, கொள்ளிவாய்ப் பிசாசு, காட்டேரி என்று 12 உருவங்கள் வரைந்து, அனிமேஷனும் செய்து, டெமோ வரை வந்துவிட்டோம். விளையாடிப் பார்த்தவர்கள், ‘படம் பிரமாதம், ஆனால் எல்லாமே ஜாம்பி மாதிரி இருக்கு’ என்கிறார்கள். எங்கே பிசகினோம் என்று தெரியவில்லை. இன்னொரு சிக்கல் வீட்டில். எங்கள் குலதெய்வம் இசக்கி. ஐந்தாவது லெவலில் நீலியை வெட்டிச் சாய்க்க வேண்டும் என்று வைத்திருந்ததை அம்மா பார்த்துவிட்டார். ‘நீலிதான்டா இசக்கி. கொடைக்குப் பொங்கல் வைக்கிற வீட்டுல இருந்துட்டு அவளை வெட்டுவியா?’ என்று கேட்டவர், இரண்டு நாளாகப் பேசவில்லை. மற்ற நாடுகளில் தங்கள் ஊர்ப் பேய்களை வைத்து கேம் செய்கிறவர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்? வெளியூர்க்காரர்களுக்கு நம் பேய்கள் புரியுமா?

– வாசகர், நாகர்கோவில்

பதில்:

டெமோவை விளையாடியவர்கள் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. உங்கள் 12 பேய்களுக்கும் முகம் வேறு வேறு. செய்கை ஒன்றாக இருக்கும். நம்மைக் கண்டதும் ஓடி வரும், அடிக்கும், திருப்பி அடித்தால் விழும். சரிதானா?

ஊரில் பேய்க்கதை சொல்லக் கேட்டிருப்பீர்கள். பேயின் மூக்கு எப்படி இருந்தது என்று யாரும் விவரிப்பதில்லை. எந்தப் புளியமரம், எந்த நேரம், அது என்ன கேட்டது, போனவர் எப்படித் தப்பினார் என்பதுதான் கதை. உச்சிப்பொழுதில் ஒற்றையாகப் போகாதே, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே என்றெல்லாம் பெரியவர்கள் சொன்னது அந்தப் பேயின் நியதி. கேமும் நியதிகளால் கட்டப்படுவதுதான்: இதைச் செய்தால் இது நடக்கும், இதைத் தொட்டால் உயிர் போகும். பாட்டி சொன்ன கதைக்குள் உங்களுக்கு வேண்டிய கேம் பாதி தயாராக இருந்திருக்கிறது. நீங்கள் அதை விட்டுவிட்டுத் தோலை மட்டும் உரித்து எடுத்துவந்திருக்கிறீர்கள்.

போலந்துக்காரர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி என்ற எழுத்தாளரின் ‘விட்சர்’ சிறுகதை 1986-இல் ஒரு போலந்து இதழில் வெளியானது. காசுக்குப் பேய் வேட்டையாடும் கெரால்ட் அதன் நாயகன். இரவில் கல்லறைப் பெட்டியிலிருந்து எழுந்துவந்து ஆட்களைத் தின்னும் ஓர் இளவரசியை அவன் எதிர்கொள்கிறான். அவளைக் கொன்றால் கதை முடிந்தது. ஆனால் மூன்றாம் முறை சேவல் கூவும்வரை அவளைப் பெட்டிக்குள் திரும்பிப் படுக்கவிடாமல் தடுத்துவிட்டால் சாபம் நீங்கி அவள் பெண்ணாகிவிடுவாள். போலந்தில் வழங்கிய பழைய நாட்டுக்கதையிலிருந்து எடுத்த நியதி இது. அந்த ஒரு நியதியால், வெட்டிவிட்டுப் போக வேண்டிய சண்டை விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டிய சண்டையாகிவிட்டது. ஒரு லெவலுக்கு இதைவிட நல்ல திட்டம் வேண்டுமா?

இந்தக் கதையுலகை வைத்து வார்சாவின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் கேம்கள் செய்தது. 2015 மே மாதம் வந்த மூன்றாவது கேமான ‘வைல்ட் ஹன்ட்’, நாட்டார் கதையைக் கையாளும் வகைக்கு நல்ல பாடப்புத்தகம். அதில் ஒரு நடுப்பகல் பேய் வருகிறது. ஸ்லாவிய மக்களிடம் அவளுக்குப் ‘பொவுத்னீட்சா’ என்று பெயர். கோடையில் உச்சிவெயிலில் வயலை விட்டு வராமல் வேலை செய்கிறவர்களை அவள் பிடித்துக்கொள்வாள். வெயில் தாக்கிச் சுருண்டு விழுந்தவர்களைக் கண்ட ஊர் இப்படியொரு பேயை நம்பியதில் வியப்பில்லை. கதைக்கு அஞ்சியாவது ஆட்கள் நிழலுக்கு வருவார்கள். கிழக்கு ஜெர்மனியில் வாழும் சோர்பிய மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவளிடம் மாட்டிக்கொண்டவர், துணி நெய்ய உதவும் ஆளிச் செடியைப் பற்றி ஒரு மணி நேரம் விடாமல் பேச வேண்டும். பேச்சு நின்றால் தலை போயிற்று. மணி ஒன்று அடித்தால் அவள் போயே ஆக வேண்டும்.

கேமில் அவளுக்கு வேறொரு முன்கதை தந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே கொல்லப்பட்ட பெண்ணாக அவள் பாழடைந்த குடியிருப்பின் கிணற்றைச் சுற்றி வருகிறாள். வாளால் வீசினால் புகையை வெட்டியதுபோல் போகும். அங்கே கிடக்கும் நாட்குறிப்பைப் படித்து, கிணற்றுக்குள் இறங்கி அவளுடைய காப்பைக் கண்டெடுத்து, எலும்புகளோடு சேர்த்து எரித்தால்தான் கட்டு அறும். அவள் யார், எப்படிச் செத்தாள் என்று தெரிந்துகொள்ளாமல் ஜெயிக்க முடியாது. வாளுக்கு முன்னால் விசாரணை வந்துவிடுகிறது.

அதே கேமில் ஒரு காட்சியை உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். பிறக்கும் முன்பே இறந்து, பெயர்கூட வைக்காமல் புதைக்கப்பட்ட சிசு பேயாகத் திரிகிறது. அதைக் கொல்லலாம். இல்லையென்றால் குடிகாரனான அதன் தகப்பன் அதைக் கையில் ஏந்தி வீடுவரை நடந்துவந்து, மன்னிப்புக் கேட்டு, பெயர் வைத்து, வாசற்படிக்குக் கீழே புதைக்க வேண்டும். அப்படிச் செய்தால் அது வீட்டைக் காக்கும் ஆவியாக மாறி, காணாமல் போன குடும்பத்தைத் தேட வழிகாட்டும். முதல் தடவை விளையாடியபோது நான் அவசரக்காரனாக அதைக் கொன்றேன். இரண்டாம் தடவை பெயர் வைக்கும் வழியில் போனேன். மழைக்கு நடுவே அந்த மனிதன் தட்டுத் தடுமாறிப் பேசுவதைக் கேட்ட பிறகுதான், முதல் தடவை எதை இழந்தேன் என்று புரிந்தது.

கொம்புக்கு வருகிறேன். வட அமெரிக்காவின் அல்கொங்கியன் மொழிக் குடிகளிடம் வெண்டிகோ என்றொரு நம்பிக்கை உண்டு. கடுங்குளிரில், பஞ்சத்தில், மனிதர் மனிதரைத் தின்ன நேருமோ என்ற அச்சத்தோடு பிணைந்தது. தின்னத் தின்ன வெண்டிகோவின் பசி வளரும், ஒருநாளும் அடங்காது. பேராசைக்கு அந்த மக்கள் சொன்ன உவமை என்றே அதைக் கொள்ளலாம். அண்மைக் காலப் படங்களும் கேம்களும் அதற்கு மான் மண்டையோட்டையும் கொம்பையும் மாட்டிவிட்டன. பழைய சொல்கதைகளில் அந்தக் கொம்பு இல்லை. கொம்பு வந்த இடங்கள் பலவற்றில் பசி காணாமல் போனது.

உருவத்தை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விட்சரில் வரும் ‘லேஷன்’ என்ற காட்டுப் பேய்க்கும் மான் மண்டையோடுதான்; ரஷ்யக் கதைகளின் லேஷிக்கு அப்படி ஒரு தலை கிடையாது. ஆனாலும் அது காட்டின் அதிபதி என்ற கரு கலையவில்லை. மலையூர் ஒன்றில் பெரியவர்கள் அதற்குப் படையல் வைத்து உறவைக் காக்கச் சொல்கிறார்கள். இளைஞர்கள் கொன்றுவிடச் சொல்கிறார்கள். ஊரில் ஒருவரை அது தன் அடையாளமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஆள் ஊரில் இருக்கும்வரை, கொன்றாலும் மறுபடி எழும். கொம்பு ஓவியர் சேர்த்தது. நம்மைத் தவிக்க வைப்பதோ, அந்த ஆளை என்ன செய்வது என்ற கேள்வி.

ஜப்பானியர்களின் ‘ஓகாமி’ 2006-இல் வந்தது. சூரிய தேவி அமதெராசு அதில் வெள்ளை ஓநாயாக வருகிறாள். எட்டுத் தலைப் பாம்பு ஒரோச்சியை வெறும் பலத்தால் வெல்ல முடியாது. சாராயம் ஊற்றி மயக்க வேண்டும். 712-இல் தொகுத்த ‘கொஜிகி’ நூலிலும் எட்டுத் தொட்டிச் சாராயம்தான் அதை வீழ்த்தியது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைய தந்திரம் கைக்கு அடக்கமான கன்ட்ரோலரில் அப்படியே வேலை செய்கிறது.

இனி அம்மாவின் கோபம். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். நிறுத்திவிட்ட வழக்கமும் இன்றும் பொங்கல் வைக்கும் சாமியும் ஒன்றல்ல. உயிரோடு இருக்கும் நம்பிக்கையைத் தொடுகிறவர், அதை வைத்திருப்பவர்களிடம் போய்க் கேட்டாக வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி அலாஸ்காவில் இருக்கிறது. 2014 நவம்பரில் வந்த ‘நெவர் அலோன்’ கேமை, குக் இன்லெட் பழங்குடி மன்றம் கேம் நிறுவனத்தாரோடு சேர்ந்து உருவாக்கியது. ஓயாத பனிப்புயலின் மூலத்தைத் தேடிப் போகும் இன்யுப்பியாக் மக்களின் கதை அது. ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லண்ட் என்ற கதைசொல்லி சொல்லி வைத்த கதை என்பதால், அவருடைய மகள் மின்னி கிரேயிடம் அனுமதி கேட்டார்கள். கதையில் இருந்த பையன் கேமில் நூனா என்ற சிறுமியானான். கேட்டுச் செய்ததால் மாற்றவும் முடிந்தது. கதைசொல்லும் குரல் முழுக்க இன்யுப்பியாக் மொழியில். விளையாடிக்கொண்டே போனால், ஊர் மக்களே தங்கள் வாழ்வைச் சொல்லும் குறும்படங்கள் திறக்கும். தலையை மூடாமல் வெளியே போகும் பிள்ளையின் தலையை வடதுருவ ஒளியில் ஆடும் ஆவிகள் பந்தாக உதைத்து விளையாடும் என்று அங்கே சொல்வார்கள். கேமில் அந்த ஒளி ஆவிகள் கீழே பாய்ந்து நூனாவைத் தூக்கிக்கொண்டு போகின்றன. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும் அதற்குக் கிடைத்தது.

இப்போது உங்கள் நீலி. அவள் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள், கேம் செய்கிறவராகக் கேட்டிருக்க மாட்டீர்கள். பழையனூருக்கு வரும் வணிகனிடம் மந்திரித்த கத்தி இருக்கிறது. அது அவன் கையில் இருக்கும்வரை நீலி அவனைத் தொட முடியாது. ஆகவே அவள் பாயவில்லை. கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவன் என் புருஷன், என்னை விட்டு ஓடப் பார்க்கிறான்’ என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். ஊரார் அவளை நம்பி, அவன் கத்தியை வாங்கிவைத்துவிட்டு இருவரையும் ஒன்றாகத் தங்கச் சொல்கிறார்கள். அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த 70 வேளாளர், விடிந்ததும் அவன் பிணத்தைக் கண்டு தீயில் இறங்குகிறார்கள். கத்திக்கு அஞ்சும் பேய் பேச்சால் கத்தியைப் பிடுங்குகிறது! இப்படிப்பட்டவளை ஐந்தாவது லெவலில் வாளோடு ஓடவிட்டிருக்கிறீர்கள். விளையாடுபவரை அந்தச் சபையில் உட்காரவையுங்கள். யார் சொல்வது உண்மை, கத்தியை வாங்கலாமா வேண்டாமா என்று அவரே தீர்ப்புச் சொல்லட்டும். தவறினால் அவர் வாக்குக்கு அவர்தான் பொறுப்பு.

வெட்டிச் சாய்க்கும் முடிவும் நம் மரபில் இல்லை. அநியாயமாகச் செத்தவள் ஊரை அலைக்கழிப்பாள். ஊர் அவளுக்கு நிலையம் போட்டுக் கொடை கொடுக்கும். அன்றிலிருந்து அவள் காவல் தெய்வம். தென்மாவட்ட வில்லுப்பாட்டில் எத்தனையோ கதைகள் இந்த இடத்தில்தான் முடிகின்றன. போலந்தில் பெயர் வைத்து வாசற்படியில் புதைத்த சிசு வீட்டைக் காக்கிறதே, அதன் சாயலும் இதுதான். உங்கள் கேமிலும் கடைசிக் கட்டம் நிலையம் போடுவதாக இருக்கட்டும். எந்த இடத்தில், யார் கையால், எதைப் படைத்து என்று தேடிக் கண்டுபிடிப்பதே விளையாட்டு. அம்மாவின் கோபமும் உங்கள் ஐந்தாவது லெவலின் குறையும் ஒரே இடத்தில் தீர்ந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமா என்ற பயம் வேண்டாம். சீனத்தின் ‘மேற்கு நோக்கிய பயணம்’ நாவலை அடியாகக் கொண்ட ‘பிளாக் மித்: வூகாங்’ 2024 ஆகஸ்ட் 20 அன்று வெளியாகி, மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. அதில் பெரும் பங்கு சீனாவில் விற்றிருக்கலாம்; ஆனால் அந்த நாவலின் பக்கத்தைப் புரட்டாதவர்களும் உலகெங்கும் அதை விளையாடினார்கள். நீலி என்றே பெயர் வையுங்கள், மாற்றாதீர்கள். அவள் எதற்கு அஞ்சுவாள், எதைக் கேட்பாள் என்பது விளையாட விளையாடத் தானே விளங்கும்.

செய்ய வேண்டியவை மூன்று. 12 பேய்களை மூன்றாகக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்போது, எதனால் வந்தது, என்ன கேட்கிறது, எதற்குக் கட்டுப்படும் என்று ஐந்தே வரி எழுதுங்கள். அந்த ஐந்தும் நிறையாத பேய்க்கு டெமோவில் இடமில்லை. அடுத்து, வரைந்த படங்களையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் கட்டங்களை வைத்து விளையாடிப் பாருங்கள். அப்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டால் உங்கள் பேய் தேறிவிட்டது; பிறகு எந்தக் கொம்பை வேண்டுமானாலும் வையுங்கள்.

மூன்றாவதை இன்று இரவே செய்துவிடுங்கள். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, இசக்கி கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.